கண்ணத் தொறக்காத வீடு

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. பேரு ஆவுடை. ம் சொல்லணும், கேட்டியா? நீ ம் சொல்லலன்னா கதை அங்கனயே நின்னுரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது.

ம்.

ஆங். அந்த ஊரு தாமிரபரணி ஆத்துக்கு இந்தப் பக்கம். ஆவுடையோட அப்பா வீடு அந்தப் பக்கம். கோடையில ஆத்துல முழங்கால் தண்ணிதான். சளக் சளக்னு நடந்தே போயிரலாம். ஆனா கட்டிக் குடுத்த பொண்ணுக்கு அந்த முழங்கால் தண்ணி ரொம்ப ஆழம். நினைச்ச நேரம் போக முடியாது, போனா நினைச்ச நேரம் வர முடியாது.

அப்புறம், அவ புருசன் வீட்ல மூணு பேரு. புருசன் பேரு குற்றாலம். நல்லவன்தான். ஆனா அப்பா முன்னால வாயத் தொறக்க மாட்டான். மாமியா பேரு பகவதி. மாமனார் பேரு கோமதிநாயகம். பெரிய மீசை, பெரிய குரலு. எதுக்கெடுத்தாலும் ஒரே கேள்விதான் கேப்பாரு. "இன்னைக்கு யாரு மூஞ்சியில முழிச்சேன்?" கால்ல முள்ளு குத்துனா அந்தக் கேள்வி. மோரு புளிச்சா அந்தக் கேள்வி. முள்ளைப் பாக்காம மிதிச்சது யாருன்னு மட்டும் ஒருநாளும் கேக்க மாட்டாரு.

ம்.

அப்போ பங்குனி முடிஞ்சு சித்திரை பொறந்துச்சு. நாளைக்கு நமக்குப் பொறக்கப்போகுதுல்லா, அதே சித்திரைதான். சூரியன் மேஷ ராசியில காலெடுத்து வைக்குற நாளு வருசப் பொறப்பு. அந்த மாசத்துப் பௌர்ணமி சித்திரை நட்சத்திரத்தோட வரும், அதான் மாசத்துக்கும் அந்தப் பேரு. கொன்றை மரத்துல இலையே தெரியாம மஞ்ச மஞ்சளாத் தொங்கும். வேப்பம்பூ பொலபொலன்னு கொட்டும். மாங்கா பழுக்கும். வெயில் மண்டையப் பொளக்கும். இதெல்லாம் யாரும் சொல்லாமயே அதது நேரத்துக்கு நடந்துரும். மனுசங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கனி பாக்கணும்.

கனின்னா உனக்குத் தெரியும். பெரிய தாம்பாளத்துல மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெள்ளரிக்கா, நெல்லு, மஞ்சக் கிழங்கு, கொன்றைப்பூ, தங்கச் சங்கிலி, எல்லாத்துக்கும் பின்னால சாச்சு வச்ச ஒரு கண்ணாடி. வருசத்துல முதமுதல்ல கண்ணத் தொறக்கையில அதுலதான் முழிக்கணும். அதுவரைக்கும் கண்ணு மூடியே இருக்கணும். முதல்ல எதைப் பாக்கியோ, வருசம் பூரா அதுதான்னு ஒரு நம்பிக்கை.

அப்போ கண்ணு தெரியாம எப்படி நடந்து வாரது? அந்த வீட்ல அதுக்கு ஒரு வழக்கம். கனி வைக்கிறவ ஒரு துண்டோட ஒரு முனையப் பிடிச்சுக்கிடுவா. கண்ண மூடுனவங்க மறு முனையப் பிடிச்சுக்கிட்டு, மாடு மாதிரி, பின்னாலயே வரணும்.

ம்.

இப்ப ஒண்ணு யோசிச்சுப் பாரு. கனி வைக்கிறவளுக்குக் கனி உண்டா?

கெடையாது. அவதான எல்லாருக்கும் முன்னால கண்ணத் தொறந்து விளக்கு ஏத்தணும். அவ முழிக்கறது தீப்பெட்டியில. இல்லன்னா எண்ணெய்ச் சட்டியில. மாமியா பகவதி முப்பது வருசம் தீப்பெட்டியிலதான் முழிச்சா. மருமக வந்தாளோ இல்லையோ, துண்டைத் தூக்கி அவ கையில குடுத்துட்டா. "இனி நீ பாத்துக்கிடு. எனக்கும் கனி வேணும்"னா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது.

அப்புறம், ஆவுடை வந்த முதல் சித்திரை. விடியுறதுக்கு முன்னால எந்திரிச்சா. விளக்கு ஏத்துனா. அடுப்புக் கரி நெத்தியில ஒட்டியிருக்கு, தலைமுடி அவுந்து கெடக்கு. முந்தின நாளு பூரா வீடு மெழுகுனவ, பாவம், தூக்கம் பத்தல. மாமனாரைத் துண்டோட கூட்டிட்டு வாரா. அவரு பொறுமையா வந்தாரா? வரல. பாதி வழியிலயே லேசா ஒரு கண்ணத் தொறந்து எட்டிப் பாத்துட்டாரு.

அந்நேரம் ஆவுடைக்கு ஒரு கொட்டாவி வந்துச்சு. 'ஆஆஆவ்'னு. முன்னால கண்ணாடி. கண்ணாடிக்குள்ள கரி மூஞ்சி, அவுந்த தலை, தொறந்த வாயி.

"அய்யய்யோ!"ன்னு கத்துனாரு கோமதிநாயகம். "கொட்டாவியில முழிச்சுட்டேனே! வருசம் போச்சே!"

தான் திருட்டுத்தனமாப் பாத்ததைச் சொல்லவே இல்ல. ஆவுடைக்குத் தெரியும். ஆனா மாமனார்ட்ட போயி, "நீங்க கண்ணத் தொறந்தீங்க"ன்னு வந்த புதுசுல எந்த மருமக சொல்லுவா?

ம்.

அன்னைக்கே பொன்னேர். ஊர்ல உள்ள ஏரெல்லாம் ஒரே வயல்ல கெழக்குப் பாத்து நிக்கும். நல்ல நேரத்துல எல்லாரும் சேர்ந்து வருசத்தோட முத உழவை ஓட்டுவாங்க. 'ஹை ஹை'னு ஏரெல்லாம் கெளம்புச்சு. கோமதிநாயகத்தோட வலத்து மாடு மட்டும் தொப்புனு படுத்துக்கிச்சு. வால முறுக்குனாரு. அசையல. அதட்டுனாரு. அதுவும் வாயத் தொறந்து ஒரு கொட்டாவி விட்டுச்சு.

"பாத்தியா! பாத்தியா!"ன்னாரு. "யாரு மூஞ்சியில முழிச்சேன்?"

ஊரே ஆவுடையத் திரும்பிப் பாத்துச்சு. அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துட்டு. ஆனா அழுதா மாடு எந்திரிக்குமா? நல்ல நேரம் நல்ல நேரம்னு மாட்டுக்குத் தண்ணி காட்டாமயே ஓட்டிட்டு வந்துருக்காரு மனுசன். அவ ஓடிப்போயி ஒரு வாளி தண்ணி கொண்டாந்து வச்சா. 'சர்ர்ர்'னு உறிஞ்சிட்டு மாடு எந்திரிச்சு நடந்துச்சு. "எங் குரலுக்குத்தான் எந்திரிச்சிச்சு"ன்னாரு கோமதிநாயகம்.

அப்புறம் சித்ரா பௌர்ணமி வந்துச்சு. எல்லாரும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கிட்டு ஆத்து மணலுக்குப் போனாங்க. இவரு, காத்து வரும்னு தண்ணிக்குப் பக்கத்துலயே போயி உக்காந்தாரு. வெத்தலப் பெட்டி தொடைக்குப் பக்கத்துல. 'களுக்'னு ஒரு சத்தம். பெட்டி ஆத்தோட போயிட்டு. "யாரு மூஞ்சியில முழிச்சேன்?" ஆவுடை சேலையத் தூக்கிச் சொருகிட்டு, கீழ வளைவுல போயி நின்னு, மெதந்து வந்த பெட்டியப் பிடிச்சுக் கொண்டாந்து அவரு பக்கத்துல வச்சுட்டா. "தானா வந்து ஒதுங்கிட்டு பாரு"ன்னாரு.

அப்புறம் சித்திரை இருபத்தொண்ணு. கத்திரி வெயில் ஆரம்பம். கோயில் முக்குல இவரு தண்ணிப் பந்தல் போட்டாரு, வழிப்போக்கருக்கு மோரு ஊத்த. புதுப் பானை. புதுப் பானைய மொதல்ல தண்ணியில ஊறப்போடணும்ல? போடல. வெயில்ல காயுற மண்ணு மேல அப்படியே வச்சு மோர ஊத்துனாரு. 'டப்'! ஊர்க்காரங்க காலெல்லாம் மோரு.

இப்போ என்ன கேட்டுருப்பாரு?

ஆங், அதேதான். நீயே சொல்லிட்டியே.

ஆவுடை வீட்லேருந்து பழைய பானையக் கொண்டாந்து, ஈர மணல் குவிச்சு அதுல வச்சு, வேற மோரு கலக்கி ஊத்துனா. எல்லாரும் குடிச்சாங்க. கோமதிநாயகமும் ரெண்டு சொம்பு குடிச்சாரு. குடிச்சிட்டு மீசையத் தொடச்சிட்டுச் சொன்னாரு. "எலேய் குற்றாலம், கேளு. வாற சித்திரை பொறக்கையில இவ இங்க இருக்கப்படாது. பங்குனி கடைசி நாளு கொண்டுபோயி அவ அப்பன் வீட்ல விட்டுரு. வருசம் பொறக்கையில ஒரு வீட்ல இல்லாதவ, அந்த வருசம் பூரா அந்த வீட்ல இல்லாதவதான்."

குற்றாலம் வாயத் தொறந்தான். மூடிக்கிட்டான்.

தூங்கிட்டியா?

ம்... ம்.

சரி. அப்போ பதினோரு மாசம் ஓடிட்டு. பங்குனி கடைசி நாளும் வந்துட்டு. ஆவுடை என்ன செஞ்சா தெரியுமா? போறதுக்கு முன்னால, சாயங்காலமே, தாம்பாளத்துல கனிய அடுக்கி வச்சுட்டா. ஒரு குறை இல்ல. கண்ணாடியத் தொடச்சுச் சாச்சு வச்சா. விளக்குல எண்ணெ ஊத்தித் திரி போட்டா. பசுவக் கறந்தா. அது அவ கைக்கு மட்டுந்தான் பால் விடும், வேற யாரும் கிட்டப் போனா எத்தும். துண்ட மடிச்சு வச்சுட்டு, "அத்தை, எல்லாம் வச்சுட்டேன். காலையில விளக்கு மட்டும் ஏத்தணும்"னா.

"சரி, போயிட்டு வா"ன்னா பகவதி. சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா. போயிட்டு வான்னு சொல்லலாமான்னு அவளுக்கே தெரியல.

ஆத்தைக் கடக்கையில குற்றாலம் கேட்டான். "கோவமா?"

"கோவம் இல்ல. நாளைக்கு எந்த வீட்டுக் கன்னுக்குட்டிய அவுத்து விடப் போறேன்னு தெரியல, அவ்வளவுதான்."

அவளை அங்க விட்டுட்டு, ராத்திரியே அவன் மட்டும் திரும்பி வந்துட்டான். சளக் சளக்.

ம்.

அப்புறம் விடிஞ்சுது. சித்திரை ஒண்ணு. கோழி கூவிச்சு. வீட்ல மூணு பேரும் முழிச்சுட்டாங்க. ஆனா மூணு பேரும் கண்ண இறுக்க மூடிக்கிட்டுப் பாயிலயே கெடக்காங்க. யாராவது வந்து துண்டு குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டு.

யாரும் வரல.

"எலேய், துண்டு எங்க?"ன்னாரு கோமதிநாயகம்.

"யாரு குடுக்கணும்?"ன்னான் குற்றாலம்.

அப்பத்தான் அந்த வீட்டுக்குப் புரிஞ்சுது. முதல்ல கண்ணத் தொறக்குறவளைத்தான் ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பி வச்சிருக்கோம்னு.

"பகவதி, எந்திரிச்சு விளக்கு ஏத்து"ன்னாரு.

"முப்பது வருசம் நான் ஏத்துனேன். இனி கண்ணத் தொறக்க மாட்டேன். நீங்க தொறங்க."

"வீட்டுத் தலைவன் தீப்பெட்டியில முழிச்சா வெளங்குமா? எலேய், நீ தொற."

"நீங்க சொல்றது அத்தனையும் இதுவரைக்கும் கேட்டேன் அப்பா. இத மட்டும் கேக்க மாட்டேன்"ன்னான் குற்றாலம். அந்தப் பய வாழ்க்கையில மொதத் தடவையா எதுத்துப் பேசுனது, கண்ண மூடிக்கிட்டுத்தான்.

அப்போ பசு கத்துச்சு. 'ம்மாஆஆ'. மடி கனத்துப் போயிட்டு அதுக்கு. யாரும் போகல. சூரியன் மேல வந்துட்டு. தெருவுல எல்லாரும் கனி பாத்து, குளிச்சு, வேப்பம்பூப் பச்சடி தின்னு, கோயில்ல பஞ்சாங்கம் வாசிக்கறதைக் கேக்கப் போயிட்டாங்க. இந்த வீட்ல மட்டும் மூணு பேரும் பாயில.

கடைசியில குற்றாலம், "நான் கண்ணத் தொறக்காமயே போயி கனிகிட்ட நிக்கேன்"னு எந்திரிச்சான். தடவித் தடவிப் போனான். 'டங்'! அம்மிக் கல்லு. 'டிங்'! வாளி. அப்புறம் ஏதோ கம்பத்தைக் கட்டிப் பிடிச்சான். அது தொழுவத்துக் கம்பம். பசு ஒரு எத்து விட்டுச்சு பாரு! அங்கனயே உக்காந்துட்டான்.

அப்புறம் பகவதி எந்திரிச்சா. அவ கெட்டிக்காரி. பலாப்பழ வாசத்தைப் பிடிச்சுக்கிட்டே போனா. வாசம் கிட்ட வருது, கிட்ட வருது. கையை நீட்டுனா. மெத்துனு இருக்கு. கொன்றைப்பூன்னு நினைச்சா. இன்னும் தடவுனா. "இதென்ன, கொன்றைப்பூவுக்குத் தாடி இருக்கு?"

'மேஏஏ'னுச்சு தாடி.

பக்கத்து வீட்டு ஆடு! கதவு தொறந்து கெடக்கேன்னு உள்ள வந்து, கறுக் மொறுக்னு அத்தனை கனியவும் தின்னுக்கிட்டு நிக்கி. பகவதிக்குக் கண்ணத் தொறக்கவும் மனசு வரல, தாடிய விடவும் மனசு வரல. பிடிச்சபடியே நின்னா.

மூணாவது கோமதிநாயகம். மீசைய நீவிக்கிட்டு, செவத்தைப் பிடிச்சுக்கிட்டு, கம்பீரமா நடந்தாரு. நடந்தாரு, நடந்தாரு, செவரு முடிஞ்சுது. முகத்துல வெயில் சுள்ளுனு அடிச்சுது. நேரா தெருவுக்கே வந்துட்டாரு. தோள்ல துண்டு, கண்ணு ரெண்டும் இறுக்க மூடி, நடுத்தெருவுல நிக்காரு. எந்தப் பக்கம் திரும்புனா வீடுன்னு தெரியல. அவ்வளவு பெரிய மனுசனுக்கு அப்போ நெசமாவே பயம் வந்துட்டு.

ம். அப்புறம்?

அப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கம் பாப்போம். ஆவுடை பழக்க தோசத்துல விடியுறதுக்கு முன்னாலயே கண்ணத் தொறந்துட்டா. அப்பா வீட்ல இன்னும் எல்லாரும் தூக்கம். அவ முழிச்சது ஓட்டுக் கூரையில. அப்படியே படுத்துக் கெடந்தவளுக்கு, அங்க விளக்கு யாரு ஏத்துவான்னு ஒரு நினைப்பு வந்துச்சு. மூணு பேரும் பாயில கெடக்கறதை நினைச்சுப் பாத்தா. சிரிப்பு வந்துட்டு. அப்புறம் பசு நினைப்பு வந்துச்சு. சிரிப்பு நின்னுட்டு.

போகவா, வேண்டாமா? வான்னு யாரும் கூப்பிடல. வெளியே போன்னு சொன்ன வீடு. போயி நின்னு, இன்னொரு தடவை போன்னு சொன்னா? ரொம்ப நேரம் யோசிச்சா. பாவம், உள்ளுக்குள்ள ரொம்ப வலிச்சுச்சு அவளுக்கு. அப்புறம், பசு என்ன பாவம் பண்ணுச்சுன்னு எந்திரிச்சுக் கெளம்பிட்டா. சளக் சளக். முழங்கால் வரைக்கும் சேலை நனைஞ்சு, வேர்த்து விறுவிறுத்துத் தெருமுனைக்கு வந்தா மாமனார் நடுத்தெருவுல நிக்காரு.

மெட்டிச் சத்தம் கேட்டு அவரு, "யாரு?"ன்னாரு.

"நான்தான் மாமா."

அவரு மீசைய ஒரு தடவை நீவிக்கிட்டாரு.

"ஏன் மாமா கண்ணத் தொறக்கல?"

"இன்னும் கனி பாக்கல."

ஆவுடை வாசல் வழியா உள்ள எட்டிப் பாத்தா. "கனிய ஆடு பாத்துட்டு மாமா."

"அப்போ... நான் எதுல முழிக்க?"

ஆவுடை சொன்னா. "உங்களுக்கு வலப்பக்கம் எருக்குழி இருக்கு. இடப்பக்கம் ஒரு கழுதை நிக்கி. நேரா நான் நிக்கேன். உங்க இஷ்டம்."

ம்ம்.

கோமதிநாயகம் யோசிச்சாரு. வலது பக்கம் லேசாத் திரும்புனாரு. இடது பக்கம் திரும்புனாரு. அப்புறம் நேரா நிமிந்து நின்னு, ரெண்டு கண்ணையும் பொட்டுனு தொறந்தாரு.

ஒண்ணும் ஆகல. இடி விழல. ஆத்து ஈரத்தோட மருமக நிக்கா. அவ்வளவுதான்.

ஒரு வருசமா ஒரே வீட்ல இருந்தும் அவ மூஞ்சிய அவரு பாத்ததே இல்ல. அன்னைக்குத்தான் பாத்தாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"போன வருசம் நான்தான் எட்டிப் பாத்தேன்"ன்னாரு. குரலு கொஞ்சமாத்தான் வந்துச்சு.

"தெரியும் மாமா."

"மாட்டுக்கு நான்தான் தண்ணி காட்டல. பானையையும் ஊறப்போடல."

"அதுவும் தெரியும்."

"நீ கனி பாத்தியா?"

"நான் என்னைக்கு மாமா பாத்தேன்?"

 கோமதிநாயகம் தோள்ல கெடந்த துண்டை எடுத்தாரு. ஒரு முனையை அவரு பிடிச்சுக்கிட்டாரு. மறு முனையை அவகிட்ட நீட்டுனாரு.

"கண்ண மூடிக்கோம்மா"ன்னாரு.

ஆவுடை கண்ண மூடுனா. கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து முதல் தடவையா, அந்த வீட்ல அவளை ஒருத்தர் பாத்துக் கூட்டிட்டுப் போறாரு. "படி இருக்கு. வாளி கெடக்கு, ஒதுங்கி வா. தலை குனி, நிலை இடிக்கும்." ஒவ்வொண்ணாச் சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு. போற வழியில தொழுவத்துலேருந்து குற்றாலத்தை எழுப்பித் துண்டுல பிடிக்க வச்சாரு. ஆட்டுத் தாடியிலேருந்து பகவதி கையைப் பிரிச்சு எடுத்து, அவளையும் துண்டைப் பிடிக்க வச்சாரு. விளக்கு ஏத்துனாரு, அஞ்சு குச்சி வீணாக்கி.

"ம், தொறங்க"ன்னாரு.

தொறந்தா, தாம்பாளத்துல என்ன இருக்கு? மாம்பழம் இல்ல, கொட்டைதான் இருக்கு. பலா இல்ல. வாழைப்பழத்தோட தோலைக்கூட ஆடு விடல. சங்கிலியும் மஞ்சளும் கெடக்கு. பின்னால கண்ணாடி. கண்ணாடிக்குள்ள ஆவுடை மூஞ்சி. அந்த மூஞ்சிக்குப் பின்னால, விடிஞ்சதுலேருந்து பட்ட பாட்டுல அலுத்துப் போயி, கோமதிநாயகம் வாய அகலத் தொறந்து 'ஆஆஆவ்'.

ஆவுடை முதமுதலா கனியில முழிச்சது மாமனார் கொட்டாவியில!

அவரு சட்டுனு வாயைப் பொத்தினாரு. முகமெல்லாம் செவந்துட்டு. "அய்யய்யோ, உன் வருசம் போச்சேம்மா"ன்னாரு.

"போகாது மாமா. போன வருசம் நீங்களும் அதுலதான முழிச்சீங்க? மாடு எந்திரிச்சுது, பெட்டி கெடைச்சுது, மோரும் குடிச்சீங்க. எனக்கும் அதே போதும்"னுட்டு, செம்பை எடுத்துக்கிட்டுப் பசுவக் கறக்கப் போயிட்டா. அவ வீட்டுத் தொழுவத்துக்கு அவ போறதுக்கு யாருட்ட கேக்கணும்?

அந்த வருசம் நல்லா இருந்துச்சான்னா கேக்குற? எல்லா வருசத்தையும் போலத்தான். வெயில் அடிச்சுது. மாடு ஒரு தடவை படுத்துச்சு. பானை ஒண்ணு ஒடைஞ்சுது. ஆனா யாரு மூஞ்சியில முழிச்சேன்னு அந்த வீட்ல ஒருத்தரும் கேக்கல. அதுக்கப்புறம் ஒரு வருசம் ஒருத்தரு, அடுத்த வருசம் இன்னொருத்தரு, முறை வச்சு முதல்ல கண்ணத் தொறந்தாங்க.

அந்தா, நீயும் கொட்டாவி விட்டுட்டியே. அப்போ கதை ஆத்தைக் கடந்து அந்தப் பக்கம் போயிட்டு. நாளைக்குக் காலையில நான் துண்டோட வருவேன். அதுவரைக்கும் கண்ணத் தொறக்கப்படாது.

என்னது? எனக்கு யாரு துண்டு பிடிப்பான்னா கேக்குற?

...

அதுக்கு நீ எனக்கு முன்னால எந்திரிக்கணும்லா. கண்ண மூடு, மக்கா. இந்தா, துண்டு உன் தலைமாட்டுலயே இருக்கட்டும்.